கண்மாய் எறங்கினா கயிறு விக்கும்

கிட்ட வந்து உக்காருங்க. கயித்துக்கடை வேலைன்னா, கோடையில விக்கப்போற சரக்கைத் தையிலேயே வாங்கிப் போட்டுட்டு, விக்குமா விக்காதான்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்குறதுதான். கடை வச்சு நொந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

மடைக்கல்

புதுக்கோட்டைக் கடைவீதியில ஒரு கயித்துக்கடையில நான் வேலை பாத்தேன். அப்ப மன்னர் ஆட்சி. கெணத்துல மாடு பூட்டி, கமலை கட்டித்தான் தண்ணி எறைப்பாங்க. அந்தக் கமலைக்குப் போடுற வடக்கயிறுதான் எங்க பொழப்பு.

முதலாளி போன வருஷம் வித்த அளவையே இந்த வருஷமும் வாங்குவாரு. நான் ஒத்துக்கல. தை பொறந்ததும் திருவரங்குளத்துப் பக்கம் போயி, கண்மாய் மடைக்கல்லுல தண்ணி எங்க நிக்குதுன்னு பாப்பேன். நெறஞ்சு நின்னா வாய்க்கால் தண்ணியே போதும், வடம் தேங்கிரும். எறங்க எறங்க, வடம் கூடுதலா விக்கும். வருஷா வருஷம் பாத்ததுல பெருசாப் பிசகல. முதலாளிதான் நம்பல.

"கண்மாயைப் பாத்துக் கயிறு வாங்குறவனை இந்தச் சமஸ்தானத்துலயே ஒன்னத்தாம்ப்பா பாக்குறேன்."

பொன்னமராவதிக்காரர்

வடம் வாங்க வந்த, பொன்னமராவதியில வெவசாயம் பாக்குற சம்சாரி ஒருத்தருகிட்ட இந்தக் கணக்கைப் பெருமையாச் சொன்னேன். வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு.

"அப்ப, எங்க கண்மாய் வத்தணும்னு பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கிற ஆளு நீங்கதானா?"

கண்மாய் வெடிச்ச வருஷம்

ஒரு வருஷம் மழையே இல்ல. தையிலயே கண்மாய் வெடிச்சுக் கெடந்துச்சு. இவ்வளவு எறங்கியிருக்கே, வடம் பறக்கப்போகுதுன்னு வண்டி வண்டியா எறக்கினேன். "விக்கலேன்னா கடையை விட்டு எறங்கிரணும்"னாரு முதலாளி. "நீங்க சொல்லவே வேணாம், துண்டை ஒதறிக்கிட்டு நானே போயிருவேன்"னேன்.

பங்குனி வந்துச்சு, ஒருத்தரும் வரல. வீதியில போன சம்சாரி ஒருத்தரைக் கூப்பிட்டே கேட்டேன்.

"கெணத்துல தண்ணி இருந்தாத்தானே அண்ணே கமலை? அடியில பாறை தெரியுது. வடத்தை வாங்கி நான் என்ன பண்ண?"

அஞ்சலை

கடைப் பின்கட்டுல கயிறு திரிக்கிறவங்க அஞ்சலை அக்கா. சம்சாரிங்க தீவனமில்லாம மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறதை அவங்க பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. நம்ம பக்கம் மாட்டை விக்கிறவங்க கயித்தைக் குடுக்க மாட்டாங்க. கயிறும் சேந்து போனா தொழுவமே காலியாயிரும்னு பயம். வாங்குறவங்கதான் புதுக்கயிறு கொண்டாரணும்.

அக்கா வடத்தை இழுத்துப்போட்டு, புரி புரியாப் பிரிச்சு, மாட்டுக்கயிறாத் திரிச்சாங்க. முதலாளி ஓடியாந்து கத்துனாரு. "வடமாவே வச்சுக் கும்புடப் போறீங்களா மொதலாளி?"ன்னுட்டு அவங்க கை நிக்கல. நான் சந்தைக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன். திரிச்சது அத்தனையும் ஏழெட்டுச் சந்தையில தீந்துச்சு. என் வேலையும் பொழைச்சுச்சு. ஆனா மாட்டை வித்துட்டு வெறுங்கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்தவங்களைப் பாத்து எனக்குச் சிரிப்பு வரல.

மீதி வடத்தையும் அக்கா பிரிக்க ஆரம்பிச்சாங்க. "மாடெல்லாந்தான் வித்துப்போச்சே, இன்னும் யாருக்கு?"ன்னாரு முதலாளி.

"வித்தவங்க அப்படியே இருந்துருவாங்களா? ஒரு மழை விழுந்தா ஏர் கட்ட மாடு புடிக்கணும்ல மொதலாளி."

வானத்துல பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்ல. அக்கா பாட்டுக்கு மழைக்கான சரக்கைத் திரிச்சு அடுக்கிக்கிட்டு இருந்தாங்க.