முனை ஒடிந்த வெண்டைக்காய்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், காலண்டர் சீசன் முடிந்து அச்சகத்தில் வேலை குறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. சிவகாசியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் வாராவாரம் காலையில் விவசாயிகள் சந்தை நடக்கும். விளைவித்தவர்களே கொண்டுவந்து விற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

அச்சடித்த தாள்களைப் பார்த்துப் பழுதானதைக் கழிப்பதுதான் என் வேலை. நிறம் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் எடுத்துப் போட்டுவிடுவேன். காய்கறி வாங்கவும் அதே கண்ணோடுதான் போவேன். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்காமல் வாங்கியதே இல்லை. பட்டென்று ஒடிந்தால் எடுப்பேன், வளைந்தால் திரும்பப் போட்டுவிடுவேன்.

அன்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சாக்கு விரித்து வெண்டைக்காய் மட்டும் குவித்து வைத்திருந்தார். நான் வழக்கம்போல ஒடித்து ஒடித்து அரைக் கிலோ தேற்றினேன். அவர் எடை போட்டுக் கொடுத்தபின் தயங்கிக்கொண்டே கேட்டார்.

“அக்கா, பூங்கா கக்கூஸு பூட்டிக் கெடக்கு. வெள்ளன பஸ் ஏறுனது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்துர்றேன், செத்த இங்கன உக்காந்துக்கிறீகளா?”

மறுக்க முடியாத அவசரம். உட்கார்ந்தேன்.

நடைப்பயிற்சி முடித்த ஒருவர் குனிந்து ஏழெட்டுக் காய்களை ஒடித்தார். “முத்தல்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வாய் யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிக்கொண்டிருந்தது, கை பாட்டுக்கு ஒடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, என்னவோ நானே தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மாதிரி.

“ஒடிக்காதீக, எல்லாம் பிஞ்சுதான்” என்றேன்.

“ஒடிச்சுப் பாக்காம யாரு வெண்டக்கா வாங்குவா? நல்லாருக்கே உங்க நாயம்!” என்று ஒருத்தி எழுந்தாள். இருவரும் வாங்காமலே போனார்கள். அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

காய் விற்ற பெண் திரும்பி வந்தார். உட்கார்ந்ததும் முனை ஒடிந்த, வளைந்த காய்களைப் பொறுக்கி ஒரு துணிப்பையில் போட ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன்.

“இது வீட்டுக்கு. ஒடிச்ச காய யாருக்கா வாங்குவாக? ஒடிச்சவுகளே வாங்க மாட்டாகளே!” என்று சிரித்தார். “வாராவாரம் அம்புட்டும் எங்களுக்குத்தான். எம்பிள்ளைக வெண்டக்காயப் பாத்தாலே ஓடுதுக.”

பை முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அதில் நான் வளைத்துப் பார்த்துத் திரும்பப் போட்டவையும் இருந்தன. வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பையை எனக்கே நிறுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

“இது என்னத்துக்குக்கா உங்களுக்கு?” என்று மறுத்துவிட்டார். காவலுக்கு இருந்ததற்காக, ஒடியாத நல்ல காய்களாகப் பார்த்து இரண்டு கை அள்ளி என் பையில் போட்டார். அவருடைய துணிப்பையில் இருந்தவற்றில் ஏழெட்டு நான் வளைத்துப் போட்டவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதும் அந்தச் சந்தைக்குப் போகிறேன். பழகிய கை சில சமயம் முனைக்குப் போய்விடும். ஆனால் ஒடித்த காய் எப்படி இருந்தாலும் அது என் பைக்குள்தான் போகிறது, ஏனென்றால் சோதித்துப் பார்த்தவள் நான் என்றால் அதன் முற்றலையும் நான்தானே தின்ன வேண்டும்.