தெரியாததை எழுதிய தாள்

கீழ்வீட்டுப் பெண் கோமதி நேற்று மாலை ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "தாத்தா, இத ஒருக்கா பாருங்க லா. எங்க லெக்சரர் மூணாவது தடவையா திருப்பிக் குடுத்துட்டாரு" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். விடுமுறைக்கு ஈப்போ வந்திருக்கிறாள். ஏதோ ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். செய்வதற்கு முன்னால், என்ன தேடப் போகிறேன், எப்படித் தேடப் போகிறேன் என்று ஒரு திட்டம் எழுதிக் காட்ட வேண்டுமாம். நான் தாளைப் படிப்பதற்கு முன் முகர்ந்து பார்த்தேன். என்னிடம் இது ஒரு கெட்ட பழக்கம். ஸ்டென்சில் மையும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் கலந்த நெடி. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்ன ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

ஸ்பிரிட் நெடி என்றால் எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நான் டிரெஸ்ஸர் வேலை பழகிய ஆஸ்பத்திரிதான். டிரெஸ்ஸர் என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்கு விளங்காது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, ஊசி குத்துவது, பெரிய டாக்டர் வராத தோட்டத்தில் நாமே டாக்டராக நிற்பது, எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் அடக்கம். நான்கு பேர் பழகினோம். வெள்ளை டிரில் துணியில் கால்சட்டை, அதில் கஞ்சி. நான் போட்ட கஞ்சிக்கு முழங்காலை மடக்கவே முடியாது. "என்னா மச்சான், மரக்கட்ட நடந்து வருது" என்பான் கூடப் பழகிய ஏசுதாசன். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலில் மைக்ரஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தேன். கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்காரர் கிராமத்திலிருந்து, வந்த ஒரு காய்ச்சல்காரர் விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம். கண்ணாடித் துண்டில் இழுத்துவிட்டு, சாயம் ஊற்றி, கழுவி, வைத்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அதையே கிருமி என்று நினைத்து "ஐயோ, இம்மாம் பெருசா!" என்று கத்தினேன், எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் டாக்டர் ஒரு திருகு திருகினார். அடேயப்பா! வட்ட வட்டமாக ரத்தத் துகள்கள், அதில் சிலவற்றுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி ஒன்று. இத்தனை சின்னது ஒரு ஆளைக் கிடத்திப்போடுகிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். பல தோட்டங்களுக்குப் போய் வந்ததில் கொஞ்சம் தமிழ் பேசுவார். ஒருநாள் எங்கள் நால்வரையும் நிற்க வைத்து, ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். தோட்டக் காய்ச்சலை, அதாவது மலேரியாவைப் பற்றி ஒரு ஆராய்ச்சித் திட்டம் எழுத வேண்டும். யார் திட்டம் நன்றாக இருக்கிறதோ, அதில் சொன்ன தோட்டத்துக்கு அவரே வருவார், ஆட்களைக் கொண்டுவந்து வேண்டிய வேலையைச் செய்ய மேலிடத்துக்கும் எழுதுவார்.

நான் அந்தத் தாளை மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அக்கா பாக்கியம் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அப்பா போன பிறகு, அந்த மரம் வெட்டிய கையால்தான் என்னை ஈப்போவில் படிக்க வைத்தாள். அவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது மூன்று வயதுக் கண்ணம்மா. அவளுக்கும் மாசத்துக்கு ஒருதரம் குளிர் கண்டுகொண்டிருந்தது. வயிற்றில் இடது பக்கம் கட்டி தட்டுப்பட்டது. அடுத்த காய்ச்சல் காலத்தைத் தாங்குவாளா என்பது எனக்கே சந்தேகம்தான். என் திட்டம் தேறினால் டாக்டர் அங்கே வருவார். தேறாவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

உட்கார்ந்து எழுதினேன் பாருங்கள், ஒரே மூச்சில்! காய்ச்சலுக்குக் காரணம் அழுக்கு. சேறு. நாற்றம். அதில் பெருகுகிற கொசு. ஆகவே ஓடைக்கரையில் மிச்சமிருக்கிற புதரையெல்லாம் வெட்டி வெயில் படும்படி செய்ய வேண்டும், தண்ணீர் தெளிவாக ஓட வேண்டும், ஜனங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும். இங்கிலீஷில், வளைத்து வளைத்து, கீழே இரண்டு கோடு போட்ட கையெழுத்தோடு.

மறுநாள் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு எல்லாம் தெரியுது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் தெரியும், பின்னே எதுக்கு தேடுறது? தெரியாது எங்கே? தெரியாது எழுது" என்று தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொன்னால் பிரம்படி விழும். தெரியாததை மறைக்கத்தானே இத்தனை வருஷம் படித்தேன்? ஒரு பெரிய மனுஷர் இரண்டு தாள் நிறைய எனக்குத் தெரியாததை எழுதித் தா என்று கேட்கிறார்! இப்படியும் ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறதா என்று மலைத்துப் போனேன். அந்த மலைப்பு இன்னும் எனக்கு முழுசாகத் தீரவில்லை.

இரண்டு நாள் லீவு கேட்டு அக்கா வீட்டுக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு என்ன தெரியாது, எனக்கு என்ன தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே போயிருக்கிறேன். தஞ்சோங் ரம்புத்தானில் வண்டி நின்றது. அங்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருப்பது ஊருக்கே தெரியும். எதிரில் இருந்த அம்மாள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "தம்பி, எறங்கல? ஒங்க ஸ்டேஷன் வந்திருச்சே" என்றாள். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய?

அக்கா இருந்தது மேட்டு லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு, பின்னால் சரிவில் ஒரு ஓடை. கீழே பள்ளத்தில் இன்னொரு லயம். சாயங்காலம் பெண்கள் ரப்பர் காட்டிலிருந்து வந்து, குளித்து, அடுப்பு மூட்டுகிற நேரம் பார்த்து நான் பென்சிலும் தாளுமாக வாசல் வாசலாகப் போனேன். "ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க? அதுல காய்ச்சக்காரங்க எத்தன?"

முதல் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில், "ஆண்டவன் குடுத்தது இருக்குது தம்பி" என்று அந்த அம்மாள் பிள்ளைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். மூன்றாவது வீட்டில் கண்ணுக்கு முன்னால் நான்கு ஓடுகிறது, "ரெண்டு" என்றாள். அதற்குள் அக்கா அகப்பையோடு வந்துவிட்டாள்.

"அடேய், அறிவு கெட்டவனே! வெளக்கு வெக்கிற நேரத்துல வாசல்ல நின்னு யாராச்சும் புள்ளைய எண்ணுவாங்களா? கண்ணு பட்டுரும்டா. ஈப்போ தண்ணி குடிச்சதும் எல்லாம் மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தேன். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையில் என்னையே "இதுவும் ஒண்ணு கெடக்குது" என்றுதான் சொல்வார்கள், எண்ணிக்கை சொல்ல மாட்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. உள்ளே போய்த் தாளைப் பார்த்தால், அக்கா வீட்டுக்கான கட்டத்தை நானே காலியாக விட்டிருக்கிறேன். ஒன்று என்று எழுத என் கையே வரவில்லை. கிருமியை மைக்ரஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்த கைதான் அது!

இரவுச் சோறு போடும்போது சொன்னேன். "எண்ணாம இந்தத் திட்டத்த எழுத முடியாதுக்கா. எழுதலன்னா அந்தத் தொர இங்க வரமாட்டாரு. கண்ணம்மாவுக்கு..." என்று நிறுத்தினேன். அக்கா குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இருக்கிறத எண்ணாத. போனத எண்ணிக்க. போனதுக்கு இனிமே யாரு கண்ணு படப்போவுது?"

நான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாகக் கட்டம் போட்டேன்.

மறுநாள் ஓய்வு நாள். அக்காவே என்னை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். "எந்தம்பி. போன புள்ளைங்கள எழுதிக்கப் போறான். பேரு சொல்லுங்க." சொல்லக்கூடாத விஷயம் என்று நான் நினைத்தது, அவர்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த விஷயம். பெயர் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. "அவன் அப்பளத்துக்கு அழுவான்." "இது ரெட்டச் சுழி." "இது பேரு வெக்கிறதுக்குள்ளயே போயிருச்சு தம்பி, பாப்பான்னே எழுதிக்குங்க." முதலில் கதவைச் சாத்திய வீட்டு அம்மாள் என்னைப் பாயில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். அக்கா முறை வந்தபோது அவளும் மற்றவர்கள் மாதிரியே வாசலில் நின்று, "ராசு. பாப்பாத்தி. எழுதிக்க" என்றாள். எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. நான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

பள்ளத்து லயத்துக்கும் போனோம். அங்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகல் சேறு, புதர், இருட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். ஆனால் வாசலுக்கு வாசல் கேட்டும் எழுதுவதற்குப் பெயர் அதிகமாகக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் சேற்றை உழப்பிக்கொண்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும்போது ஓடைக்கரையில் அக்கா நின்றாள். கூழாங்கல் தெரிகிற தண்ணீர், வெயில் பட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஒன்னயத்தான் கேக்கணும்னு இருந்தேன், படிச்சவன். இந்தக் கரை முன்னால காடா கெடந்துச்சு. அப்ப இம்புட்டுக் காய்ச்ச இல்ல. சுத்தமா இருக்கணும்னு பொதரெல்லாம் வெட்டுனாங்க. அதுக்கப்புறந்தான் வரிசையா போவுது. நாத்தத் தண்ணிக்காரங்க நல்லா இருக்காங்க, நல்ல தண்ணிக்காரங்க நாம சாவுறோம். ஏண்டா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. புதரை வெட்டச் சொல்லி இரண்டு கோடு போட்டுக் கையெழுத்து வைத்தவன் நான்!

ஈப்போ திரும்பியதும் எழுதினேன். முதல் தாளில் அக்காவின் கேள்வியை, ஒரு சொல் கூட்டாமல். அதைத் தேட என்ன செய்வேன் என்று ஆறேழு வரி: இரண்டு தண்ணீரிலும் கொசுப் புழு எடுத்து வந்து வேறு வேறா என்று பார்ப்பது, வெட்டின கரையையும் வெட்டாத கரையையும் ஒப்பிடுவது. இரண்டாவது தாளில் இரண்டு லயத்தையும் ஓடையையும் வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக, இறந்துபோன பிள்ளைகளின் பெயர். நல்ல பிரதி எழுதி முடித்தபோது அந்தப் படத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். தெளிந்த தண்ணீரை ஒட்டியே பெயர்கள் நெருக்கிக்கொண்டு நின்றன.

டாக்டர் படித்தார். மறுபடி படித்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இந்தக் கேள்வியை வேறோர் இடத்தில் பெரிய டாக்டர்கள் கேட்டு, விடை தேடப் பல வருஷம் பாடுபட்டார்கள் என்றார். மலைச்சரிவில் வெயில் படுகிற சுத்தமான தண்ணீரைத் தேடி முட்டையிடுகிற கொசு ஒன்று உண்டாம். சேறு அதற்கு ஆகாதாம்.

"யாரு கேட்டது இது? நீயா?"

"இல்லீங்க. எங்க அக்கா."

"அவங்க என்ன படிச்சது?"

"படிக்கல. பால் வெட்டுறாங்க."

அவர் பேனாவை எடுத்து, என் பெயருக்கு மேலே அக்கா பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பாக்கியம். அதை நான் எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. ஏசுதாசன்கூட அன்றைக்கு என்னைக் கிண்டல் செய்யவில்லை.

டாக்டர் வந்தார். சொன்ன வாக்குப்படி ஆட்களும் வந்தார்கள். ஓடையின் அடியில் மண்குழாய் பதித்து, மேலே மண் மூடி, தண்ணீரை வெயில் படாமல் பூமிக்குள்ளேயே ஓடவிட்டார்கள். குழாய் போடாத இடத்தில் எண்ணெய் தெளித்தார்கள். அடுத்த காய்ச்சல் காலம் வந்தது. கண்ணம்மாவுக்கு இரண்டு நாள் உடம்பு சுட்டது, அப்புறம் எழுந்து விளையாடப் போய்விட்டாள். அக்கா அதைச் சொல்ல ஆள் அனுப்பினாள். ஆஸ்பத்திரி மருந்து அறையிலேயே நான் கை கூப்பி நின்றேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, டாக்டரையா, அக்காவையா, அந்தக் கேள்வியையா. கண்ணம்மா இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்து ஈப்போவிலேயே இருக்கிறாள்.

அந்தத் தோட்டம் பிறகு துண்டு துண்டாக விலைபோனது. மேட்டு லயத்தை இடித்தார்கள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. ஒருமுறை போய்ப் பார்த்தேன், ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்றே பிடிபடவில்லை. பிள்ளைகளைப் புதைத்த காட்டோரத்தில் அன்றைக்கே கல் எதுவும் நட்டதில்லை, ஒரு மரத்தை அடையாளம் சொல்வார்கள், அந்த மரமும் இல்லை. பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அக்கா போய் ஏழு வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளைகளின் பெயரெல்லாம் சேர்ந்து எழுதப்பட்ட ஒரே இடம் என் இரண்டாவது தாள்தான். அது, டாக்டர் சீமைக்குக் கப்பல் ஏறியபோது அவர் பெட்டியோடு போயிற்றா, ஜப்பான்காரன் காலத்தில் எரிந்ததா, யாருக்கும் தெரியவில்லை. நான் கேட்காத இடமில்லை. வாசல் வாசலாக நின்று எழுதிய முதல் பிரதி என்னிடம் இருந்தது. பென்சில் கிறுக்கல், காப்பிக் கறை, அழுத இடத்தில் தாள் வேறு சுருங்கியிருந்தது. நல்ல பிரதி முடிந்த கையோடு, அசிங்கமாக இருக்கிறதென்று நானே கிழித்து அடுப்பில் போட்டேன். ராசு, பாப்பாத்தி, இன்னும் இரண்டு மூன்று பெயர்தான் இப்போது வாயில் வருகின்றன. மொத்தம் எத்தனை பெயர் என்றுகூட எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நான் என் எழுத்து அழகாக விழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.