தாமசின் காத்த குழி

வில்ட்ஷயரில் எங்கள் ஊரில் தாமசின் என்ற பெயரை எடுத்தாலே யாராவது ஒருவர் குழியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார். மாட்டுக்கொட்டகையில் ஒரு பள்ளத்தைப் பன்னிரண்டு வருடம் பேணிக் காத்தவளைப் பற்றி வேறு என்ன கேட்பார்கள்?

நான்கு பசு வைத்து சீஸ் போட்டுப் பிழைத்தவள் அவள். கணவர் அம்புரோஸ் கூரை வேய்பவர். கூரையிலிருந்து விழுந்து முதுகு போய், முன்னறையில் படுத்த படுக்கையாகிவிட்டார். கட்டிலை ஒரு முழம் நகர்த்தினாலும் அவருக்கு மூச்சு முட்டும். அதனால் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தாமசினின் வாழ்க்கையே அந்தக் கட்டிலைச் சுற்றித்தான்.

சார்லஸ் அரசருக்கோ ஸ்பெயினோடும் சண்டை, பிரான்சோடும் சண்டை. சண்டைக்கு வெடிமருந்து வேண்டும், வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். அந்த உப்பு மாட்டு மூத்திரமும் சாணமும் ஊறிய பழைய மண்ணில்தான் விளையும். ஆகவே அரச முத்திரை போட்ட ஆணையோடு வரும் வெடியுப்புக்காரன் கொட்டகை, புறாக்கூடு, வீடு என்று எங்கு வேண்டுமானாலும் புகுந்து தோண்டலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. மண்ணை அள்ளிப் போகவும் நம் ஊர் வண்டிகள்தான், ஊர்க் கான்ஸ்டபிள்தான் அவற்றைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

1627 குளிர்காலத்தில் ஸ்டோக் என்ற வெடியுப்புக்காரன் வந்தான். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்து ருசி பார்த்தே உப்பைக் கண்டுபிடிப்பான். தாமசினின் கொட்டகையை மார்பளவு தோண்டி, பன்னிரண்டு வண்டி மண்ணை ஏற்றிப் போனான், தூர்க்கவில்லை. சினைப்பசு ஒன்று அதில் விழுந்து கால் ஒடிந்து செத்தது. அடுத்த வீட்டில் காய்ச்சலில் கிடந்த மார்ஜரியைக் கட்டிலோடு தூக்கி உறைபனியில் களத்துமேட்டில் வைத்துவிட்டு, அவள் படுத்திருந்த இடத்தைத் தோண்டினான். மூன்றாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

போகிற போக்கில் அம்புரோசின் கட்டிலடியில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினான். "ஆட்டுக்குட்டிங்கள எல்லாம் இங்கதான் கட்டியிருந்தீங்களா? அருமையா இருக்கு. புல்லறுப்புக்கு முன்னாடி வர்றேன்."

அன்றிலிருந்து தாமசினுக்கு ஒரே நினைப்புதான்: இந்தத் தரையை எவனும் தொடக்கூடாது.

அந்த வசந்தத்தில் லண்டனில் பாராளுமன்றம் கூடி அரசரோடு மல்லுக்கு நின்றது. கட்டாயக் கடன் வாங்கக்கூடாது, காரணம் சொல்லாமல் சிறையில் போடக்கூடாது, வீடுகளில் சிப்பாய்களைக் கொண்டுவந்து தங்கவைக்கக்கூடாது என்று கேட்டது. ஜூன் மாதம் அரசர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். எங்கள் ஊரில் மணியடித்தே கயிறு அறுந்தது. ஊர்க் கான்ஸ்டபிள் ஹியூ, சந்தையிலிருந்து அந்தக் கோரிக்கையின் நகலை வாங்கிவந்து தேவாலய வாசலில் படித்தான்.

"இதுல தரை எங்க வருது?" என்றாள் தாமசின்.

"எந்தத் தரை?"

"என் வீட்டுத் தரை."

"அட, இது தேசத்து விஷயம் தாமசின்!"

"அப்ப என் வீடு தேசத்துல இல்லையா? இன்னொரு தடவ படி."

படித்தான். தரை இல்லை. பெரிய மனிதர்களின் வீட்டுத் தரை கல் பாவியது, அவர்களுக்கு எப்படி ஞாபகம் வரும்? தாமசினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அழவில்லை. "மறந்துட்டாங்க. அடுத்த தடவ ஞாபகப்படுத்தணும்" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனாள்.

சொன்னபடி ஸ்டோக் நான்கு ஆட்களோடு வந்தான். தாமசின் வாசலை அடைத்து முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரும்மா. ராஜா ஆணை."

"ஆணைய கான்ஸ்டபிள் படிக்கட்டும். முழுசா."

யாரும் அதை முழுதாகக் கேட்டதில்லை. அரசரின் பட்டங்களைப் படித்து முடிப்பதற்குள் ஜனங்கள் பயந்து வழிவிட்டுவிடுவார்கள். ஹியூ வேர்த்து விறுவிறுத்துக் கடைசி வரிவரை படித்தான். தோண்டிய இடத்தைத் தூர்த்து முன்போலச் சமன் செய்து கொடுக்க வேண்டும் என்று அங்கே இருந்தது.

"என் கொட்டகைக் குழி அப்படியே கிடக்கு. அத முதல்ல தூர்த்துட்டு வா. அப்புறம் வீட்டப் பத்திப் பேசலாம்."

"மண்ணுக்கு எங்க போவேன்? அது போய் மாசக்கணக்காச்சு!"

"அது உன் பாடு. ராஜா சொன்னதத்தான் நான் சொல்றேன்."

"ஹியூ, வண்டியக் கூட்டு" என்றான் ஸ்டோக்.

ஹியூ ஒன்றும் வீரனில்லை. ஆனால் புல்லறுப்பு நெருங்கும் நேரத்தில் வண்டியை இழக்க அவனுக்கும் மனமில்லை. "குழி தூராம வண்டி குடுத்தா நானே ஆணைய மீறினவனாயிருவேன்யா" என்று தலையைச் சொறிந்தான். வண்டி இல்லாமல் மண்ணைத் தலையிலா சுமப்பது? ஸ்டோக் திட்டிக்கொண்டே போனான்.

அடுத்த வசந்தத்தில் அரசர் பாராளுமன்றத்தைக் கலைத்தார். ஸ்டோக் சிரித்துக்கொண்டே வந்தான்.

"இனி யார்கிட்ட போய் அழுவ? பார்லிமென்ட்டத்தான் பூட்டியாச்சே!"

"அதத்தானே பூட்டினாரு? குழி திறந்துதான் கிடக்கு. போய்ப் பாரு."

ஹியூ அப்போதும் தலையைச் சொறிந்தான், வண்டி வரவில்லை.

அப்புறம்தான் தாமசினுக்கு ஒன்று உறைத்தது. மழையிலும் மாட்டுக் குளம்பிலும் குழி தானாகத் தூர்ந்துபோனால் வழக்கும் தூர்ந்துபோகும். எனவே ஒவ்வொரு வசந்தத்திலும் பாவாடையை வரிந்துகட்டி மண்வெட்டியோடு இறங்கினாள். சரிந்த மண்ணை வாரிக் கொட்டி, விளிம்பைச் சீவிவிட்டு, பசு விழாமல் வேலியும் போட்டாள்.

"இந்த வருஷம் குழியில விளைச்சல் எப்படி தாமசின்?" என்பார்கள் பக்கத்து வயல்காரர்கள்.

"உன் வயலவிட நல்லாத்தான் விளையுது, போடா!"

ஏழாவது வருடம் அம்புரோஸ் தன் கட்டிலிலேயே, யாரும் தொடாத அந்தத் தரையின் மேல், நிம்மதியாகக் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்ததும், "இனிமேலாவது மூடித் தொலை" என்று ஹியூவே மண்வெட்டி கொண்டுவந்தான்.

தாமசின் அதை வாங்கிச் சுவரில் சாத்தினாள். "அவருக்காகத் திறந்து வச்சது முடிஞ்சுது. இனி இது மார்ஜரிக்கு."

1640 இலையுதிர்காலத்தில் அரசர் பணமுடையில் மறுபடி பாராளுமன்றத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. மாவட்டத்தின் சார்பில் போகிற கனவான் ஒருவர், குறைகளை எழுதிக்கொள்ளக் குமாஸ்தாவோடு ஊர் ஊராக வந்தார். தாமசின் அவரை நேரே கொட்டகைக்கு இழுத்துப் போனாள்.

அவர் எட்டிப் பார்த்தார். சீவிவிட்ட விளிம்பு, துப்புரவான அடி. முகத்தைச் சுளித்தார். "நேத்து வெட்டினது மாதிரி இருக்கேம்மா! பன்னிரண்டு வருஷத்துக் குழின்னா எப்படி நம்புறது?"

பார்த்துப் பார்த்துக் காத்ததே வினையாகிவிட்டதே!

வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்த பக்கத்து வயல்காரர் தொப்பியைக் கழற்றினார். "நம்புங்கய்யா. பன்னிரண்டு வருஷமா இதப் பார்த்துத்தான் நாங்க சிரிச்சிட்டிருக்கோம். வேணும்னா ஊரையே கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. ஊரே அங்கேதான் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. கனவான் தலையசைத்ததும் குமாஸ்தா குழியை எழுதினார், மார்ஜரியை எழுதினார்.

"தரைன்னு எழுதியிருக்கா? படிங்க" என்றாள் தாமசின்.

படித்தார். இருந்தது.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள். இந்தத் தடவை அழுதாள்.