டண்டினொங்கில் டான்யூப் கரைக்காரர் இருவர்

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான்: மறதி நோய் வந்தவர்களிடமிருந்து முதலில் போவது ஆங்கிலம். பிறகு அவர்களும் பிறந்த ஊருக்கே போய்விடுவார்கள். நாங்கள் ஆஸ்திரேலியாவில், இந்த டண்டினொங்கில் நின்று அவர்களுக்கு சூப் தீத்துவோம்.

ஐஸ்

மிலான் செர்பியர், இலோனா ஹங்கேரியப் பெண். பிறந்தது ஒரே ஊரில். மிலான் அதை நோவி சாட் என்பார். இலோனா ஊய்விதேக் என்பா.

ஒரு ஜனவரி வெக்கைக்கு மிலானின் தண்ணீரில் ஐஸ் போட்டுக் கொடுத்தேன். அவர் கட்டிகளை விரலால் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கிளாசுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். பக்கத்திலிருந்த மகள் வெஸ்னாவின் முகம் மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போரில், மிலான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஹங்கேரிய இராணுவம் ஊரைப் பிடித்து, செர்பியரையும் யூதரையும் ஆற்றங்கரையில் சுட்டு, உறைந்த டான்யூபுக்குள் தள்ளியதாம். மிலானின் தாயும் அதில் போனா. இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அம்மா கீழேதான் இருக்கிறா, பனியை எடுங்கோ என்கிறார்."

கதிரை

இலோனாவுக்கு மிலானின் குரலே ஆகாது. கொரிடோரில் அவர் செர்பிய மொழியில் கதைத்தால், கதவைச் சாத்தி, கதிரையை முண்டு கொடுத்துவிட்டு அலுமாரி ஓரம் குந்திவிடுவா. போர் முடிகிற நேரம் ஊர் கைமாறியதும், செர்பிய மொழி பேசிப் பழிதீர்க்க வந்தவர்கள் ஹங்கேரிய ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டுபோனார்களாம். இலோனாவின் தகப்பன் திரும்பி வரவில்லை என்று அவவின் மகன் சொன்னார்.

ஒரு கதிரை யாரைத் தடுக்கும் என்று, என்னோடு வேலை செய்கிற மன்னார் ஸ்ரெலா அக்காவிடம் கேட்டேன். அவ துவாய் மடித்தபடியே சொன்னா: "தடுக்க இல்ல தங்கச்சி. வாறாங்கள் எண்டு சத்தம் கேக்கத்தான். நாங்களும் வச்சனாங்கள்."

கதவு

ஒரு பின்னேரம் இலோனா கதவைத் திறக்கவே இல்லை. மருந்து நேரம் தப்பிவிட்டது. மகனை வரவழைத்தோம், அவர் கூப்பிட்டும் பலனில்லை.

அப்போது மிலான் வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருப்பி அனுப்பப் பார்த்தேன். என் கையை விலக்கிவிட்டார். கதவில் நெற்றியை வைத்து, சின்னப் பையனின் குரலில் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் வாயில் நான் கேட்டுப் பழகிய மொழி இல்லை அது.

உள்ளே கதிரை இழுபட்டது. இலோனா கொரிடோரின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தா. மிலான் ஹங்கேரிய மொழி பேசி வெஸ்னாகூடக் கேட்டதில்லையாம். இலோனாவின் மகன் சுவரில் சாய்ந்தபடி எனக்குச் சொன்னார்:

"'அவங்கள் போயிட்டாங்கள், வெளியில வா' என்று எங்கள் மொழியில் சொன்னார்."

இந்த வேலைக்கு எங்களுக்குத் தூக்கவும் துடைக்கவும்தான் பயிற்சி தந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் ஆள் வரவேண்டியிருக்கிறது.