சோற்றில் ஊற்றிய தண்ணீர்

ஒரகடம் மெஸ் ஒன்றில் எதிரே சாப்பிட்ட இளைஞன், சோறு மீதமிருந்த தட்டிலேயே கை கழுவினான். திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

வாலாஜாபாத் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா சாப்பிட்ட தட்டில்தான் அம்மா சாப்பிடுவாள். ஒருநாள் குழம்பில் உப்பு அதிகமென்று அப்பா சோற்றிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். நாற்று நட்டுவிட்டுப் பசியோடு வந்திருந்த அம்மா அந்தத் தண்ணீரை வடித்தாள். "இப்ப உப்பு சரியா கீது" என்று சிரித்தபடி சாப்பிட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. அருவருப்பு அவள்மேல்தான் வந்தது.

"த்தூ, நாய்கூடத் துன்னாதும்மா" என்றேன்.

"நா வெளயவெச்ச அரிசி கண்ணு. குப்பையில கொட்டச் சொல்றியா?"

மறுநாள், இதையும் தின்கிறாளா என்று பார்க்கவே என் சோற்றில் கை கழுவினேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிட்டாள்.