மாப்பிள்ளை காருக்கு டயர் மாட்டியவர்

டயர்க் கடையில் அவரை எல்லோரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவர் அளந்து மாட்டிய டயர் எதுவும் மட்கார்டில் உரசுகிறது என்று திரும்பி வந்ததில்லை. அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். அதைப் பிடுங்குவதற்கென்றே வந்து வாய்த்தார் தங்கையின் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை மூன்று கை மாறிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார். மொத்தமே இரண்டு சீட். கம்பெனி கொடுத்தது பதினேழு இன்ச் வீல். அது போதாதாம். பத்தொன்பது வேண்டும், டயர் அகலமாகவும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“மாப்ள, ரிம் பெருசானா ரப்பர் மெலிசாயிடும். பள்ளத்துல ஒரு தடவ இறங்கினா ரிம் கோணிக்கும். பக்கத்து சீட்ல உக்கார்றது என் தங்கச்சி.”

“மச்சான், நீங்க வேனுக்கு மாட்டியே பழகிட்டீங்க. இது ஸ்போர்ட்ஸ் கார்.”

ஆறு ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சு. கரடியாய்க் கத்தினாலும் அந்த மனிதர் போனில் படம் காட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாம் நிறுத்திவைத்து எடுத்த படங்கள். ஓடாத காருக்கு எந்த டயர் போட்டால் என்ன! கடைசியில் தங்கையே போன் பண்ணினாள்.

“அண்ணா, எதையாவது போட்டுக் குடுத்துத் தொலை. சாப்பிடும்போதும் இதே புராணம், தூங்கும்போதும் இதே புராணம்.”

அண்ணன் இறங்கி வந்தார். பதினேழும் வேண்டாம், பத்தொன்பதும் வேண்டாம், பதினெட்டு. அகலம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

மாட்டிய அன்று மாப்பிள்ளை முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு “ஆச்சா, ஆச்சா” என்று அரித்தெடுத்தார். அந்த எரிச்சலில் அண்ணன், கார் லிஃப்ட்டில் தொங்கும்போதே ஸ்கேலை வைத்துப் பார்த்தார். தாராளமாக இடம் இருந்தது. “எடுத்துட்டுப் போங்க” என்றார். காரைத் தரையில் இறக்கி, ஆளை உட்கார வைத்துப் பாரத்தில் அமுங்கவிட்டு, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபிறகுதான் அளக்க வேண்டும். தொங்குகிற வீலை அளந்ததற்காக எத்தனை பேரை அவரே திட்டித் தீர்த்திருக்கிறார்!

நாலாம் நாள் காலையில் இருவரும் காரில் வந்தார்கள். கடை வாசலில் திரும்பும்போதே தங்கை உட்கார்ந்த பக்கத்து முன் டயர் சர்ரென்று உரசியது. அண்ணன் குனிந்து பார்த்தார். டயரின் ஓரத்தில் ரப்பர் சீவினாற்போலப் போயிருந்தது. இப்படியே விட்டால் என்றைக்காவது ஓட்டத்தில் வெடிக்கும்.

“உங்க அளவு தப்பாகாது மச்சான். டயர் செஞ்சவன்தான் ஏமாத்திட்டான்” என்றார் மாப்பிள்ளை பெருந்தன்மையாக.

ஆறு வாரம் சரியாகச் சொன்னபோது நம்பாத மனிதர், தப்புப் பண்ணிய பிறகு நம்புகிறார். பேசாமல் இருந்தால் மானம் மிஞ்சும். ஆனால் காருக்குள் இருப்பது தங்கை. கடையில் இருந்த எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தார்.

“அளவு தப்புதான். வண்டியத் தொங்கவிட்டு அளந்துட்டேன். பழைய பதினேழக் கொண்டாங்க, இப்பவே மாட்டிடறேன்.”

“அத அன்னிக்கே வித்தாச்சே!” என்ற மாப்பிள்ளை, கொஞ்சம் யோசித்தார். “அப்ப நீங்களும் தப்பா அளப்பீங்க. பத்தொன்பது ஆகாதுன்னு சொன்னதும் அப்படித்தானே இருக்கும்?”

கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் நேராகப் போய்த் தங்கை பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“நீ இறங்கு. வேற டயர் வர்ற வரைக்கும் பஸ்ல போ.”

அவள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். ஆள் இறங்கிய பக்கம் கார் லேசாக மேலே எழும்பியிருந்தது. தெருமுனையில் வேண்டுமென்றே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெருவே கேட்கும்படி கத்தினார்:

“பாத்தீங்களா மச்சான்? எங்க உரசுது!”