பைய அறுக்கும் பிளேடு

அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போவதை நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் வீட்டுக்கு அந்த மரம் அறுக்கும் மிஷின் வந்தது. முந்தின வருஷம் திருத்தங்கல் பக்கம் அப்பா வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த அறை வெடித்திருந்தது. அப்பா தப்பி வெளியே வந்துவிட்டார். அதே அறையில் இருந்த என் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி, வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. அம்மா மட்டும் வேறு வழியில்லாமல் தினமும் வேனில் ஏறிப் போனாள்.

மிஷின் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய இரும்பு மேஜை, அதற்கு அடியில் ஒரு மோட்டார், அவ்வளவுதான். சிவகாசியில் ஓர் அச்சாபீஸ், காகிதக் கட்டுகளுக்கு அடியில் வைக்க ரீப்பர் கட்டைகள் கேட்டிருந்தது. பலகைகளை நீளவாக்கில் அறுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஆர்டர் நிலைத்தால் தீபாவளி சீசனோடு நின்றுவிடுகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். பிளேடு ஒன்றுதான் வாங்க வேண்டியிருந்தது.

சாத்தூர்க் கடைக்கு அப்பா என்னையும் கூட்டிப் போனார். கடை அண்ணாச்சி இரண்டு வட்டப் பிளேடுகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் பற்கள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் பெரிசு, நடுவில் நல்ல இடைவெளி. மற்றதில் பொடிப்பொடியாக நெருக்கமான பற்கள். நீளவாக்கில் அறுக்கப் பல் குறைந்ததுதான் சரி, தூள் வெளியேற இடம் வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். அப்பா அந்தப் பெரிய பல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"இது வெடுக்குனு இழுக்கும் அண்ணாச்சி. எனக்குப் பைய அறுக்கிறதாப் பாத்துக் குடுங்க."

பையத் தொடு, பைய வை, உரசாதே, இழுக்காதே என்று கேட்டுக் கேட்டே பிழைத்துக் கிடந்த மனுஷர். மருந்துக்குச் சொன்னதை மரத்துக்கும் சொன்னால் மரம் கேட்குமா? நெருக்கப் பல் பிளேடை வாங்கி, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், தகரக் கொட்டகையில் மிஷினை ஓட்டினார். அறுந்து வரும் கட்டையைப் பிடித்துக்கொள்ள நான் எதிர்ப்பக்கம் நின்றேன். பலகை பாதி தூரம்கூடப் போகவில்லை. அப்பா நெட்டித் தள்ளினார், பிளேடு திணறியது. அறுந்த ஓரம் கறுத்து மெல்லிசாகப் புகை வந்தது. வேப்பம்பலகை கருகும் வாசம் அடித்தது.

அப்பா போட்டது போட்டபடி ஓடினார். புகையைக் கண்டால் எதையும் எடுக்காதே, யாரையும் பார்க்காதே, ஓடு என்பது கம்பெனிப் பாடம். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் போய்த்தான் நின்றார். பிடி விட்ட பலகையைப் பிளேடு தூக்கி அவர் நின்றிருந்த பக்கமே எறிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே போய் சுவிட்சை அணைத்தேன்.

திரும்பி வந்தவர் என் தலையையும் கைகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் தாயி என்று கெஞ்சினார்.

என் வாய் சும்மா இருக்குமா? சாப்பாட்டு நேரத்தில் அப்பா ஓடிய ஓட்டத்தை எழுந்து நடித்தே காட்டினேன். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தாள்.

"இப்பயும் நீங்க திரும்பிப் பாக்கலையா?"

அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அதன்பின் அந்த மிஷினை அவர் தொடவே இல்லை. மறுநாள் காலையில் வேன் வந்தது, அம்மா ஏறிப் போனாள். நான், கடைக்குப் போய்ப் பிளேடை மாற்றிக்கொண்டு வந்தால் முடிந்தது, இதற்குப் போய் இவ்வளவா என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அம்மா கேட்டது எனக்காக மட்டுமல்ல, தன் தம்பிக்காகவும்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.